கிளி கட்டும் கலைக்கு ஒரு பள்ளி

மெக்ஸிகோவின் மலைச்சரிவுகளில் தோன்றி, ஆண்டர்ஸ் டால் என்னும் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியின் பெயரைச் சூடிக்கொண்டு, உதகையிலும் கொடைக்கானலிலும் குளிர்க்காற்றில் செழிக்கும் டேலியா புஷ்பத்தின் சௌந்தரியத்தை மறுப்பவன் அல்லன் நான். பக்க மொட்டுகளைக் கிள்ளி ஒற்றை மொட்டை மட்டும் நிறுத்தினால் அது உள்ளங்கை கொள்ளாமல் விரியும். ஆனால் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் எங்கள் விருதுநகர்ச் சீமையின் கரிசலில் ஊன்றினால் அதன் கிழங்கு வெந்துபோகும். வாணவேடிக்கைக்காரர்கள் வானில் விரியும் ஒருவகை வாணத்துக்கு டேலியா என்றே பெயரிட்டிருக்கிறார்கள். சிவகாசி வட்டாரத்துக்கு அந்த டேலியாதான் ஏற்றது போலும்.

ஆயினும் பூ விஷயத்தில் நாங்கள் தரித்திரர்கள் அல்லர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அதற்கும் மேலாக, சிவகாசிக்கு அருகிலேயே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மரவள்ளி இலைகளை அடுக்கி உடலாக்கி, மாதுளம்பூவை அலகாக்கி, மூங்கில் குச்சிகளைக் காலாக்கி, நந்தியாவட்டையும் அரளி இதழும் சேர்த்து, வாழைநாரால் இறுகக் கட்டி, ஏறக்குறைய நான்கரை மணி நேரம் சிரத்தையோடு உழைத்து, ஆண்டாளின் இடக்கரத்துக்கென்று அன்றாடம் ஒரு கிளியைச் சமைக்கிறார்கள். மறுநாள் வேறு கிளி. அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் அழகருக்கும் போகிறது.

ஜாடியில் பூச்செருகும் வித்தையை இகெபானா என்று ஜப்பானியர் பள்ளி வைத்துப் போதிக்கிறார்கள். உதகை மலர்க் கண்காட்சிக்கு நாம் திரள் திரளாகச் செல்கிறோம். நம் வாழைநாரிலும் பூத்தொடுப்பிலும் குடிகொண்ட கலையோ, ஒரு சில குடும்பங்களின் கைப்பழக்கமாகவே நின்றுவிட்டது. இது நமக்குப் பெருமையன்று.

இந்தக் கலை எங்கள் சீமைக்குப் பிழைப்பாகவும் ஆகலாம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பட்டாசுத் தொழிலை மூடிவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. அது பல்லாயிரம் குடும்பங்களின் ஜீவனம். ஆனால் திரி முடிந்தும் தாள் ஒட்டியும் நுட்பம் கற்ற எங்கள் பெண்களின் விரல்களுக்கு, மருந்தைத் தொடாத இன்னொரு பிழைப்பும் வேண்டும். கிணற்றில் கொஞ்சம் நீர் ஊறும் இடத்தில் பத்து சென்ட் அரளியும் நந்தியாவட்டையும் மல்லிகையும் வைத்தால் பறிக்கவும் தொடுக்கவும் வீட்டுக்குள்ளேயே வேலை உண்டு.

ஆகையால், தோட்டக்கலைத் துறையும் அறநிலையத் துறையும் கூடி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனத்தோடு கூடிய ஒரு மலர்த்தொடைப் பள்ளியைத் தொடங்க வேண்டும். கிளி கட்டும் குடும்பத்தாரையே தக்க சம்பளத்தோடு ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். அடுத்த ஆடிப்பூரத்துக்கு முன் அதற்கான ஆணை பிறக்கட்டும்.