எந்த லிஸ்ட் சார்?

ஆபீஸில் இரண்டு குமார் இருந்தால் என்ன ஆகும்? போன் வந்தால் இரண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள். கடன்காரர் வந்தால் இரண்டு பேரும் சீட்டில் இருக்க மாட்டார்கள். அதற்குத்தான் இனிஷியல். ஆர்.குமார், எஸ்.குமார். தகராறு தீர்ந்தது.

கம்ப்யூட்டர் புரோகிராமிலும் இதே தகராறு உண்டு. எந்தப் புரோகிராமையும் முழுக்க ஒருத்தரே எழுதுவதில்லை. யாரோ எழுதி வைத்த தொகுப்புகளைக் கூட்டி வருகிறோம். இதற்கு 'இம்போர்ட்' என்று பேர். சரக்கு இறக்குமதி மாதிரிதான். கஸ்டம்ஸ் டியூட்டி மட்டும் கிடையாது. (உண்டு. கடைசியில் சொல்கிறேன்.)

இம்போர்ட்டில் இரண்டு வகை. ஒன்று, பேர் சொல்லி 'நீ மட்டும் வாப்பா' என்பது. இன்னொன்று, ஸ்டார் போட்டு மொத்தமாக அழைப்பது. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவோமே, அது. யார் யார் வந்து இறங்குவார்கள் என்று அழைத்தவருக்கே தெரியாது.

ஜாவாவில் 1996-லேயே 'லிஸ்ட்' என்று ஒன்று இருந்தது. திரையில் வரிசையாகக் காட்டி, 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்கிற பெட்டி. ஏ.டபிள்யூ.டி. என்ற தொகுப்பில் குடியிருந்தது. 1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தபோது, 'யுடில்' என்ற தொகுப்பில் இன்னொரு லிஸ்ட் குடிவந்தது. இதன் வேலை வேறு. தகவல்களை வரிசையாகக் கட்டி வைப்பது. இரண்டு தொகுப்பையும் ஸ்டார் போட்டு அழைத்து, லிஸ்ட் என்று வெறும் பேரில் எழுதியிருந்த பழைய புரோகிராம்களைப் புது ஜாவாவில் கம்பைல் பண்ணினால், 'எந்த லிஸ்ட் சார்?' என்று கேட்டுப் படுத்துவிட்டன. இத்தனைக்கும் அவற்றில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை!

ஏற்கெனவே கம்பைல் ஆனவை தப்பித்தன. அவற்றுக்குள் முழுப் பேர் இனிஷியலோடு பதிந்திருக்கும். மற்றவற்றுக்கும் மருந்து சுலபம். வேண்டிய லிஸ்ட்டைப் பேர் சொல்லித் தனியாக ஒரு வரி. பேர் சொல்லி அழைத்தவர் இருக்கும்போது கும்பலோடு வந்தவர் முன்னால் நிற்கக் கூடாது என்பது ஜாவா சட்டம்.

ஆக, ஜாவா கத்துகிற ரகம். பைத்தான் அமுக்கமான ரகம். அங்கே கடைசியாக வந்தவருக்கே நாற்காலி. முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போன சத்தம்கூடக் கேட்காது.

உதாரணம், பைத்தானுக்குள்ளேயே இருக்கிற 'சம்'. கூட்டிச் சொல்லும். 0 முதல் 4 வரை எண்களையும், இரண்டாவதாக மைனஸ் 1-ஐயும் கொடுத்தால் விடை 9. மைனஸ் 1 என்பது ஓப்பனிங் பேலன்ஸ். 'நம்பை' என்ற தொகுப்பிலும் ஒரு 'சம்' உண்டு. அது வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டால், அதே வரிக்கு விடை 10! அதற்கு மைனஸ் 1 என்றால் எந்தத் திசையில் கூட்டுவது என்கிற குறிப்பு, தொகையில் சேராது. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை.

ஒரு ரூபாய் டேலி ஆகாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்த அக்கவுன்டன்ட் யாரையாவது கேளுங்கள், இது விளையாட்டு இல்லை என்பார். அவருக்காவது டேலி ஆகவில்லை என்று தெரியும். இங்கே அதுவும் தெரியாது. கத்துகிற தப்பு அன்றைக்கே மாட்டும். சத்தம் போடாத தப்பு ரிப்போர்ட்டில் ஏறி, மேனேஜர் கையெழுத்தும் வாங்கிவிடும்.

தொகுப்பை எழுதுகிறவருக்கும் பொறுப்பு உண்டு. ஸ்டார் போட்டு அழைத்தால் யார் யார் போகலாம் என்று பைத்தானில் ஒரு பட்டியல் வைக்கலாம். பட்டியல் வைக்காவிட்டால், அடிக்கோட்டில் ஆரம்பிக்கிற பேர்கள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். மற்ற எல்லாரும் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு 'சம்'மும் வேண்டும் என்றால்? தொகுப்பின் பேரை இனிஷியலாக முன்னால் போடுங்கள். நீளமாக இருக்கிறதா? 'ஆஸ்' போட்டுச் செல்லப் பேர் வைத்துக்கொள்ளலாம். நம்பையை 'என்பி' என்று கூப்பிடுவது ஊரறிந்த வழக்கம்.

ஸ்டார் போட்டால் மிச்சமாவது பத்து செகண்டு டைப்பிங். டியூட்டி பிறகு வரும். பெரும்பாலும் அதைக் கட்டுகிறவர், உங்களுக்குப் பின் அந்த சீட்டுக்கு வருகிறவர். 'இது யார் வீட்டு சம்?' என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது நீங்கள் வேறு கம்பெனியில் இருப்பீர்கள்.

ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே உங்கள் சீட்டில் முன்னால் இருந்தவரும் ஸ்டார் போட்டுவிட்டுத்தான் போயிருப்பார்!