மறதிக்காரி நல்ல தாயாக முடியாதா?

"எனக்கு இது ஐந்தாவது மாதம். ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக்காகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை டாக்டரம்மா இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. சாவியைக் காணோம். இரும்புச் சத்து மாத்திரை போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. 'இவளுக்கு எதிலேயும் புத்தி நிக்கறதில்லே, குழந்தையை எப்படி வளர்க்கப் போறாளோ' என்கிறார் மாமியார். எனக்கும் அந்தப் பயம்தான்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

பயப்படாதீர்கள், சகோதரி. இது சோம்பேறித்தனம் இல்லை. சிறு வயதிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி சார்ந்த சிரமம். துறுதுறுவென்று ஓடும் பையனைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை யாரும் கவனிப்பதில்லை. அதனால் பல பெண்களுக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரிய வருகிறது.

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறுபடி தொடங்கவும் வேண்டாம். சிலருக்குக் கர்ப்ப காலத்திலும் தொடர்வதே நல்லது என்று டாக்டர் முடிவு செய்வதுண்டு.

இதற்கென்று நடத்தைப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்டீவன் சாஃப்ரன் என்ற உளவியல் நிபுணரும் அவர் குழுவினரும் 86 பேரிடம் இதைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டும் தொல்லை தீராதவர்கள். பயிற்சி பெற்றவர்கள், உடலைத் தளர்த்தும் பயிற்சியும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் தேறினார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மாத்திரைக்குப் பதில் இதுவே போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முறைகள் நம் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன.

முதலாவது, ஒரே நோட்டு, ஒரே காலண்டர். துண்டுச் சீட்டில் எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில் செருகாதீர்கள். செக்கப் நாளும் ஊசி நாளும் காலண்டரில் ஏறட்டும். காலைக் காபியோடு நோட்டைத் திறந்து, அன்று செய்தே தீர வேண்டியதை மேலே எழுதுங்கள்.

இரண்டாவது, வேலையைச் சிறிதாக நறுக்குங்கள். "குழந்தைக்கு எல்லாம் தயார் செய்யணும்" என்று எழுதினால் மலைப்பாக இருக்கும். "பழைய வேட்டியைக் கிழித்துப் பத்துத் துணி மடிக்கணும்" என்று எழுதுங்கள், கை தானே போகும். நடுவில் வேறு நினைப்பு வந்தால் எழுந்து ஓடாமல், அதை நோட்டில் குறித்துவிட்டு மடிப்பதைத் தொடருங்கள்.

மூன்றாவது, நினைவைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கிழமைக்கு ஓர் அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கினால், காலி அறையே 'போட்டாச்சு' என்று சொல்லிவிடும். இரும்புச் சத்தும் கால்சியமும் சேர்த்துப் போடக்கூடாது. ஆகவே இரண்டு டப்பா. அடுப்பைப் பற்றவைத்த கையோடு அலாரம் வையுங்கள்.

குழந்தை பிறந்ததும் ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். நேரத்தையும், எந்தப் பக்கம் என்பதையும் நோட்டில் குறியுங்கள். குளிப்பாட்டுமுன் அடுப்பை அணைத்துவிட்டு, துண்டு, சட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதையாவது மறந்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய் எடுங்கள். ஒரு நிமிஷம்கூடத் தண்ணீரிலோ கட்டிலிலோ தனியே விடாதீர்கள்.

"நான் நல்ல தாயில்லை" என்ற எண்ணம் வரும்போது, அன்று செய்த வேலைகளை நோட்டில் எண்ணிப் பாருங்கள். எண்ணத்தை இப்படிச் சோதித்துப் பார்ப்பதும் பயிற்சியில் ஒரு பாடம்தான். ஆனால் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் அன்றே சொல்லிவிடுங்கள். அரசின் டெலி மனஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கம் கெட்டால் இந்தப் பெண்ணின் கவனம் இன்னும் சிதறும். இரவில் ஒரு தடவை குழந்தையை நீங்களோ உங்கள் பிள்ளையோ வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்று சொல்லுங்கள். திட்டுவதால் ஆகாதது அதில் ஆகும்.