விடுதியில் இன்சுலின் வைக்க இடம் உண்டா?



பொறியியல் கலந்தாய்வுக்காகக் கட்-ஆஃப் பார்த்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான், என் மகளுக்கு முதல் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இனி ஆயுள் முழுக்க இன்சுலின். அவள் எங்களுக்கு முன்பே பழகிக்கொண்டாள். தானே விரல் நுனியில் குத்திப் பார்த்து, அளவு கணக்கிட்டு, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாள்.

கல்லூரிகளில் நாங்கள் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டுமே, விடுதியில் ஃபிரிட்ஜ் உண்டா? நள்ளிரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே குளுக்கோஸ் வேண்டும். வார்டனுக்கு இது தெரியுமா? "பக்கத்திலேயே ஏதாவது காலேஜ் பாருங்களேன்" என்றார் ஓர் அலுவலர். அவள் விரும்பிய படிப்பு பக்கத்தில் இல்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்நோய் இல்லை. நாங்கள் இடஒதுக்கீடும் கேட்கவில்லை. சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்தது. அதுபோல, விடுதியில் மருந்து வைக்கும் வசதி, இரவு மருத்துவ உதவி இரண்டும் உண்டா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைக்கு முன்பே வெளியிட உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு தாய், திருச்சி