கம்ப்யூட்டர் அறையும் பாக்டரியும்

பள்ளிவாசல், மூணாறு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்ததை நாம் குறை கூறவில்லை. நிறுத்த கொழுந்து அன்றைக்கே கணக்கில் ஏறினால் பழைய சச்சரவுகள் பல தீரும். ஆனால் கம்ப்யூட்டர் பிரிவும் உற்பத்திப் பிரிவும் ஒன்றன்மேல் ஒன்று பழி போடுவது நல்லதல்ல.

ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்பது பொதுக்கணக்கு. மழையில் நனைந்த கொழுந்து வந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். வாடுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். திரையைப் பார்ப்பவர் "தூள் எங்கே?" என்கிறார். டீமேக்கர் "கொழுந்தைத் தொட்டுப் பாருங்கள்" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. ஈரத்தைப் பதிவதற்கு இடம் வைக்காமல் முறையை வகுத்ததுதான் தவறு. இடையில் அல்லற்படுவோர் நிறுவைக் குமாஸ்தாவும் கொழுந்து பறிக்கும் பெண்களுமே.

2015 செப்டம்பரில், அறிவித்த 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து மூணாறில் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்ததை மறக்கலாகாது. உழைப்பவருக்கு விளங்காத கணக்கு நம்பிக்கையை வளர்க்காது.

ஆகவே, கொழுந்து பெருகும் மாதங்களில் புதிய முறையைப் புகுத்த வேண்டாம். கம்ப்யூட்டர் அலுவலர் ஒரு வாரமாவது பாக்டரியில் இரவு ஷிப்டில் நிற்கட்டும். முறையை வகுக்கும்போதே டீமேக்கரையும் குமாஸ்தாவையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். ஈரத்துக்காக எடையில் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைத் தமிழில் எழுதி, மஸ்டர் எடுக்கும் இடத்தில் தினமும் ஒட்டட்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. நிர்வாகத்தார் ஆவன செய்ய வேண்டும்.