மிஞ்சியவனுக்குக் கிடைக்கும் கையுறை

அணுசக்தி நகரில் மாலை நேரத்துப் பந்தாட்டம் ஆள் பிரிப்பதில்தான் தொடங்கும். வேகமாக ஓடுபவன் ஃபார்வர்டு, காலில் வலுவுள்ளவன் டிஃபென்ஸ். கடைசியில் மிஞ்சி நிற்பவனிடம், "நீ கோல்ல நில்லுடா" என்பார்கள். அவன் பெனால்டியைத் தடுத்துவிட்டால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: குருட்டு அதிர்ஷ்டம்.

அந்தப் பெயர் அநியாயம்.

2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா மைதானம். தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவும் குவைத்தும் 1-1. ஷூட்-அவுட்டில் ஐந்தைந்து உதைகள் முடிந்தும் 4-4. ஆறாவது உதையை இந்தியாவின் நவோரெம் மகேஷ் கோலாக்கினார். அடுத்து வந்த குவைத்தின் காலித் ஹஜியா உதைத்த பந்தைப் பாய்ந்து தட்டிவிட்டார் இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து. கோப்பை இந்தியாவுக்கு. மூன்று நாள் முன்பு அரையிறுதி ஷூட்-அவுட்டிலும் லெபனானின் முதல் உதையைத் தடுத்தவர் அவரே. 2025 செப்டம்பரில் ஓமானின் கடைசி உதையைத் தடுத்து, மத்திய ஆசியக் கோப்பையில் மூன்றாம் இடம் வாங்கித் தந்ததும் அவர்தான். இத்தனையும் அதிர்ஷ்டமா?

அணு விஞ்ஞானிகளின் பிள்ளைகள் வளரும் இந்த ஊரில் கணக்கைச் சொன்னால் உடனே புரியும். பந்துக்கும் கோல் கோட்டுக்கும் 11 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வந்தால் 0.4 விநாடி. கோலின் அகலமோ 7.32 மீட்டர். பந்து கிளம்பிய பிறகு யோசிக்க நேரமே இல்லை. உதைப்பவனின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்படி வளைகிறது என்பதை முன்கூட்டியே படிக்க வேண்டும். உதைக்கும் நொடிவரை ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும் என்பது விதி.

அசையாமல் நிற்பதும் ஒரு வித்தைதான். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசி 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறக்குறைய 29 சதவீதப் பந்துகள் நடுவில்தான் வந்தன. கீப்பர்கள் நடுவிலேயே நின்றதோ 6 சதவீதம்தான். சும்மா நின்று கோல் வாங்கினால் ஊர் திட்டும் என்ற பயம் அவர்களைப் பாய வைக்கிறது.

ஆசியாவே வியந்த பீட்டர் தங்கராஜ் தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியிலிருந்து வளர்ந்து, 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்ற இறுதியாட்டத்தில் கோல் காத்தார். கோல் அடிக்கத் தெரிந்தவரும் நின்ற இடம் அது.

எனவே நம் பிள்ளைகளின் ஞாயிறு பயிற்சியில் கடைசிப் பதினைந்து நிமிடங்களைக் கீப்பருக்கென்றே ஒதுக்கலாம். இருபது உதைகளை எதிர்கொள்ளட்டும். பிறகு பயிற்சியாளர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏழாவது உதையில உதைச்சவனோட இடது கால் எங்க இருந்துச்சு, பார்த்தியா?" என்று கேட்கட்டும்.