வீட்டுக்கு ஒரு மணி, மோட்டாருக்கு ஒரு மணி!

''நான்கு ஏக்கரில் கரும்பும் மஞ்சளும் சாகுபடி செய்கிறேன். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. என் செல்போன் ஒரு நாளைக்கு 20 தடவையாவது அடிக்கிறது. பாதிக்கு மேல் 'லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா' என்ற அழைப்புகள்தான். மோட்டாரில் மாட்டியிருக்கும் செல்போன் ஸ்டார்ட்டரும் கரன்ட் வந்தால் கூப்பிடுகிறது, போனால் கூப்பிடுகிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, போனை எடுத்துப் பார்த்தால் வேண்டாத அழைப்பாக இருக்கிறது. அதனால் வயலில் நிற்கும்போது பல நேரம் எடுப்பதே இல்லை. போன மாதம் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டிலிருந்து 5 தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தலைச்சன் கிடேரி ஈன முடியாமல் தவித்திருக்கிறது. நான் போய் டாக்டரைக் கூட்டி வருவதற்குள் கன்று இறந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரிங்டோன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மகனுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதிலிருந்து போனுக்கு ரிங்டோன் ஏற்றுவது எப்படி?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்.

எல்லா அழைப்புக்கும் ஒரே மணி அடித்தால், சேற்றுக் கையோடு நிற்பவருக்கு அவசரம் எது, தொந்தரவு எது என்று தெரியாது. போனைத் தொடாமலே 'இது வீடு', 'இது மோட்டார்' என்று காது கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். இதற்குத் தனியாக ஆப் எதுவும் தேவையில்லை, பணமும் கட்ட வேண்டாம். ஒரு பழைய லேப்டாப், ஒரு யூ.எஸ்.பி கேபிள், அரை மணி நேரம் போதும்.

அதற்கு முன் ஒரு விளக்கம். ரிங்டோன் வேறு, காலர் டியூன் வேறு. உங்கள் போனில் உங்களுக்குக் கேட்பது ரிங்டோன். உங்களைக் கூப்பிடுபவர் காதில் கேட்கும் பாட்டு காலர் டியூன். காலர் டியூன் என்பது செல்போன் நிறுவனத்தின் சேவை. அதில் கட்டணம் பிடிக்கப்படலாம். 'பாட்டு வைக்க இந்த எண்ணை அழுத்தவும்' என்று வரும் அழைப்புகளெல்லாம் காலர் டியூனுக்கானவை. நாம் இங்கே பார்க்கப்போவது செலவில்லாத ரிங்டோனை மட்டும்.

முதலில் பட்டியல்

யார் யாருக்குத் தனி மணி என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்குக்கு மேல் வேண்டாம். பத்து விதமான மணி வைத்தால் எது யாருடையது என்று உங்களுக்கே நினைவில் நிற்காது. வீடு, மோட்டார், கால்நடை மருத்துவர், வெளியூரில் இருக்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோருக்கும் போனிலேயே இருக்கும் ஏதாவது ஒரு மெல்லிய மணி போதும்.

ஸ்டார்ட்டரில் போட்டிருக்கும் சிம் கார்டுக்கும் ஓர் எண் உண்டு. அதை 'மோட்டார்' என்று பெயரிட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பெயர் பதியாத எண்ணுக்குத் தனி மணி வைக்க முடியாது.

எந்த ஒலி எடுபடும்?

பிடித்த பாட்டை வைப்பதைவிட வயலில் கேட்கிற ஒலியை வைப்பதுதான் முக்கியம். செல்போனில் இருக்கும் ஸ்பீக்கர் மிகச் சிறியது. தவில், பறை போன்றவற்றின் அடித்தொனி அதில் சரியாக வராது. டிராக்டர், டீசல் இன்ஜின் சத்தமும் கனத்த தொனி என்பதால், இருக்கிற கொஞ்ச ஒலியும் அதில் அமுங்கிவிடும். மறுபக்கம், வயதானவர்களுக்குக் கேட்கும் திறன் குறையும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒலிகளே நல்லவை. கோயில் மணி, நாகஸ்வரம், மனிதக் குரல் போன்றவை எடுபடும்.

இதில் மனிதக் குரலுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 'அப்பா, வீட்டுல இருந்து கூப்பிடுறாங்க... போனை எடுங்க' என்று மகளைச் சொல்லச் சொல்லி, போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவுசெய்தால், அதையே ரிங்டோனாக வைக்கலாம். எந்த மணி யாருடையது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலையே இல்லை.

லேப்டாப்பில் வெட்டுவது

ஒரு முழுப் பாட்டை அப்படியே வைத்தால், தொடக்கத்தில் வரும் மெல்லிய இசை முடிவதற்குள் அழைப்பு நின்றுவிடும். எனவே சத்தமாக ஒலிக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். இதற்கு 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பாட்டையோ பதிவுசெய்த குரலையோ திறந்தால், ஒலி அலைகள் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் 25 விநாடி அளவுக்கு மவுஸால் இழுத்துத் தேர்வுசெய்யுங்கள். தேர்வுசெய்த பகுதியை மட்டும் 'எக்ஸ்போர்ட்' செய்து எம்.பி.3 வடிவில் சேமியுங்கள். ஒலி குறைவாக இருந்தால், எக்ஸ்போர்ட் செய்யும் முன் 'எஃபெக்ட்' பகுதியில் உள்ள 'ஆம்ப்ளிஃபை' மூலம் கூட்டிக்கொள்ளலாம்.

குரல் பதிவாக இருந்தால், தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டிவிடுங்கள். முதல் நொடியிலேயே குரல் வர வேண்டும். ஃபைலுக்கு 'வீடு', 'மோட்டார்' என்று புரியும்படி பெயர் வையுங்கள்.

போனுக்கு ஏற்றுவது

1. போனை யூ.எஸ்.பி கேபிள் மூலம் லேப்டாப்பில் இணையுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும், ஃபைலைக் கடத்தாது. லேப்டாப்பில் போனின் பெயர் வரவே இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

2. போனின் லாக்கைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். 'யூ.எஸ்.பி மூலம் சார்ஜ் ஆகிறது' என்ற அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்வுசெய்யுங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

3. விண்டோஸ் லேப்டாப்பில் 'திஸ் பி.சி' என்பதைத் திறந்தால் உங்கள் போனின் பெயர் தெரியும். அதற்குள் போனின் உள் நினைவகத்தைத் திறங்கள்.

4. அங்கே 'ரிங்டோன்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். இல்லாவிட்டால், அதே பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் கொடுத்துப் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

5. தயார் செய்த எம்.பி.3 ஃபைல்களை காப்பி செய்து அந்த ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். காப்பி முடிந்த பிறகே கேபிளைக் கழற்ற வேண்டும்.

இது ஆண்ட்ராய்டு போன்களுக்கான வழி. ஐபோனுக்கு வழி வேறு. 30 விநாடிக்குள் வெட்டிய ஒலியை எம்.4.ஆர் வடிவத்துக்கு மாற்றி, விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐடியூன்ஸ் மூலம் ஏற்றலாம்.

ஆளுக்கு ஒரு மணி

கான்டாக்ட்ஸில் மனைவியின் பெயரைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'செட் ரிங்டோன்' என்று வரும். சில போன்களில் 'எடிட்' பகுதிக்குள் இருக்கும். அதைத் தொட்டால், நீங்கள் ஏற்றிய 'வீடு' என்ற ஒலியும் பட்டியலில் தெரியும். பட்டியலில் இல்லை என்றால், போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். 'செட் ரிங்டோன்' என்பதே வரவில்லை என்றால், அந்த எண் சிம் கார்டில் பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் போனிலோ கூகுள் கணக்கிலோ மறுபடி பதிந்துவிட்டு முயலுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்புக்கு இந்த மணி அடிக்காது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார் என்றால், வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் திறந்து, 'கஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் அழைப்புக்கான ரிங்டோனைத் தனியாக மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். போனை வழக்கம்போல சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொண்டு, ஓடும் மோட்டார் பக்கத்தில் நின்று, வீட்டிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். அங்கே கேட்டால்தான் அது ரிங்டோன். பாட்டுக்கான ஒலி அளவும் மணிக்கான ஒலி அளவும் தனித்தனி. மணியின் அளவை 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சவுண்ட்' என்பதற்குள் சென்று முழுதாகக் கூட்டி வையுங்கள்.

இரவு நேரத்தில்...

தொந்தரவுக்குப் பயந்து போனை சைலன்டில் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் நிறைய பேர். அதற்குப் பதில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற வசதியைப் பயன்படுத்தலாம். வீடு, மோட்டார் போன்ற முக்கியமான எண்களுக்கு கான்டாக்ட்ஸில் நட்சத்திரக் குறி போட்டு, 'நட்சத்திரக் குறி உள்ளவர்களின் அழைப்பை மட்டும் அனுமதி' என்று வைத்துவிட்டால், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். அதிலேயே 'ரிப்பீட் காலர்ஸ்' என்பதையும் அனுமதித்தால், 15 நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். புதிய எண்ணிலிருந்து வரும் உண்மையான அவசர அழைப்பும் இதனால் தவறிப்போகாது.

விளம்பர அழைப்புகளைக் குறைக்க, 1909 என்ற எண்ணில் பதிவுசெய்துகொள்ளலாம். 140 என்று தொடங்கும் எண்கள் விளம்பரத்துக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை எடுக்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

ஓர் எச்சரிக்கை. 'ரிங்டோன் இலவசம்' என்று வரும் லிங்க்கைத் தொட்டு, ஏ.பி.கே என்று முடியும் ஃபைல் எதையும் போனில் நிறுவாதீர்கள். ரிங்டோன் என்பது வெறும் ஒலி ஃபைல். அதற்கு உங்கள் எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்கும் அனுமதி தேவையே இல்லை. அப்படி அனுமதி கேட்டால், வங்கிக் கணக்குக்குக் குறி வைக்கிறார்கள் என்று அர்த்தம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

''என் அம்மாவுக்கு 70 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. தனியாக ஊரில் இருக்கிறார். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எல்லா அழைப்பையும் எடுத்துப் பேசிவிடுகிறார். மோசடிப் பேர்வழிகளிடம் மாட்டிக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?''

- வாசகி ஒருவர், புதுக்கோட்டை மாவட்டம்.

மேலே சொன்ன வழி உங்கள் அம்மாவுக்கு இன்னும் பொருத்தமானது. பெயரைப் படிக்க முடியாதவருக்குக் குரல் நன்றாகவே அடையாளம் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவரவர் குரலில் 'அம்மா, நான்தான் பெரியவ கூப்பிடுறேன்' என்பதுபோல 10 விநாடி பதிவுசெய்யுங்கள். ஊருக்குப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொருவர் பெயருக்கும் அவரவர் குரலை வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஊர் நர்ஸ் ஆகியோருக்கும் அப்படியே. மற்ற எல்லா எண்களுக்கும் சாதாரண மணி. 'பேர் சொல்லிக் கூப்பிட்டா எடுங்க, வெறும் மணி அடிச்சா விட்டுடுங்க' என்று ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

போனை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் குரல் பதிவுகளை லேப்டாப்பில் பத்திரமாக வைத்திருங்கள்.

ஈரோடு வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்று ஈனும் நேரத்தில் அழைப்பு உங்கள் வழியாகத்தான் டாக்டருக்குப் போக வேண்டும் என்றில்லை. தலைச்சன் கிடேரிக்குப் பனிக்குடம் உடைந்து நேரமாகியும் கன்று வெளியே வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரின் எண்ணும், நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்துக்கான 1962 என்ற எண்ணும் உங்கள் மனைவியின் போனிலும் இருக்கட்டும். அவர் முதலில் கூப்பிட வேண்டியது டாக்டரை. அடுத்துதான் உங்களை. அந்த இரண்டாவது அழைப்பை வயலில் நிற்கும் நீங்கள் தவறவிடாமல் இருக்கத்தான் இந்தத் தனி மணி.