யார் போடும் மனு?



மார்ச் வந்தால் நம் வீடுகளில் இரண்டு கவலை. ஒன்று பிளஸ் டூ தேர்வு. பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் கூடவே எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 'விசா கணபதி' என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். அந்த மாதம் அவருக்கும் வேலை அதிகமாகத்தான் இருக்கும்.

ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவிலேயே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. 2023 மார்ச்சில் ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல் பதிவுகள் குவிந்தன. பாதிக்கு மேல், ஒரே ஆளுக்காகப் பல நிறுவனங்கள் போட்டவை. மறு ஆண்டே 'எத்தனை பேர் பதிந்தாலும் ஆளுக்கு ஒரு சீட்டு' என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

இந்தப் பரபரப்பில் ஒன்றை மறந்துவிடுகிறோம். எச்-1பி மனுவைப் போடுவது நம் பிள்ளை அல்ல, நிறுவனம். 'இந்த வேலைக்கு இவர் எங்களுக்கு வேண்டும்' என்று அரசிடம் கேட்பது முதலாளிதான். அதனால் பொறுப்பும் அவருடையதே.

மனுவுக்கு முன்பே அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் நிறுவனம் ஓர் உறுதிமொழி தரவேண்டும். எல்.சி.ஏ. என்பார்கள். அதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்குத் தான் தரும் சம்பளம், அந்த ஊரில் நடப்பில் உள்ள சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைத் தருவேன் என்பது அதன் சாரம். வேலைக்குச் சேரும் நாளுக்குள் ஊழியர் கையில் அதன் பிரதி இருக்க வேண்டும். எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்?

'பிராஜெக்ட் இல்லை, பெஞ்சில் இரு, சம்பளம் அப்புறம்' என்று சொல்வதும் சட்டப்படி செல்லாது. நிறுவனத்திடம் வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு. ஊழியரே விடுப்பு கேட்டால்தான் கணக்கு வேறு. விசாக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் செலவும் நிறுவனத்தைச் சேர்ந்தது. மனுவோடு நிறுவனம் அரசுக்குக் கட்டும் பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்கவே கூடாது. 'ஸ்பான்சர் பண்ணுகிறோம், சில லட்சம் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபர் டிரம்ப் அறிவித்த வார இறுதியில் பதறாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. அவ்வளவு பணம் கட்ட வேண்டிய நிறுவனம் யோசித்துத்தான் ஆளெடுக்கும். கல்லூரியை முடித்த கையோடு இங்கிருந்து கிளம்பலாம் என்று இருப்பவர்களுக்கு அது கெட்ட செய்தி, அதை மறைப்பதற்கில்லை.

வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். ஆனால் புதிய நிறுவனம் மனுவை முறையாகத் தாக்கல் செய்துவிட்டால் போதும், ஒப்புதல் வரும்வரை காத்திராமல் அங்கே வேலையைத் தொடங்கலாம் என்பது தெரிவதில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி இது. அது தெரியாமல், பிடிக்காத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்.சி.ஏ. பிரதியைக் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்